கொழும்பும் சென்னையும்: வான்வழித் தூரமும் செல்லுங் காலமும்

தமிழ் இலக்கணம் பயின்றோர் முதற்பொருள் என்னுஞ் சொல்லை நன்கறிவர். நிலமும் பொழுதுமே முதற்பொருள் என்பது தொல்காப்பியர் கொள்கை. ஏனைய பொருள்களெல்லாம் அவ்விரண்டின் மேலேயே நிற்பன. தலைவன் பிரிந்து சென்றான் என்றால், எத்துணைத் தொலைவு சென்றான், எப்பருவத்தில் மீள்வான் என்னும் இரண்டு வினாக்கள் உடனே எழுகின்றன. இன்று கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஒருவர் பயணம் புறப்படும்போதும் வீட்டார் கேட்பன அவ்விரண்டு வினாக்களே: எவ்வளவு தூரம்? எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம்?

இவற்றுக்கு விடை காண்பது எளிதெனவே தோன்றும். தூரத்தை வேகத்தால் வகுத்தாற் காலம் கிடைக்கும் என்று ஆறாம் வகுப்பு மாணவனுங் கூறுவான். ஆயினும், நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் போய்வரும் கொழும்பு - சென்னை வழியை எடுத்து ஆராயின், அச்சிறு கணக்கினுள்ளே புவியியலும் வரலாறும் நம் வாழ்வும் ஒருங்கே அடங்கியிருத்தலைக் காணலாம். அதனைப் படிப்படியாக விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

1. தூரத்தை அளத்தல்

முன்னோர் தூரத்தைக் காதம் என்றும், நாழிகை வழி என்றும், கூப்பிடு தூரம் என்றும் அளந்தனர். காதத்தை ஏறத்தாழப் பத்து மைல் என அகராதியார் கொள்வர். நாழிகை வழி என்பது ஒரு நாழிகை, அஃதாவது 24 நிமிடம், நடந்து செல்லும் தூரம். காலத்தாலே தூரத்தை அளக்கும் இவ்வழக்கம் பழையதேயாயினும் பழுதானதன்று. இன்றும் “பேருந்தில் அரை மணித்தியாலம்” என்றுதானே வழி சொல்கின்றோம்?

வானத்திற் கல் நாட்டித் தூரம் குறிக்க இயலாது. ஆகவே வான்வழித் தூரத்தை அகலக்கோடு, நெடுங்கோடு ஆகியவற்றைக் கொண்டு கணிப்பர். கட்டுநாயக்க விமான நிலையம் வடக்கு அகலக்கோடு 7.18 பாகையிலும், கிழக்கு நெடுங்கோடு 79.88 பாகையிலும் உள்ளது. சென்னை மீனம்பாக்க விமான நிலையம் வடக்கு 12.99 பாகையிலும், கிழக்கு 80.18 பாகையிலும் உள்ளது.

அகலக்கோட்டு வேறுபாடு 5.81 பாகை. நமது பகுதியில் ஒரு பாகை அகலக்கோடு ஏறத்தாழ 110.6 கிலோமீற்றர். எனவே வடக்கு நோக்கிய தூரம் 643 கிலோமீற்றர்.

நெடுங்கோட்டு வேறுபாடு 0.30 பாகை. நெடுங்கோடுகள் துருவத்தை நோக்கி ஒன்றையொன்று நெருங்குவன. ஆதலின் ஒரு பாகையின் நீளம் இடத்துக்கிடம் வேறுபடும். பத்தாம் அகலக்கோட்டை அண்டிய நமது பகுதியில் அது ஏறத்தாழ 109.6 கிலோமீற்றர். எனவே கிழக்கு நோக்கிய தூரம் 33 கிலோமீற்றர்.

இவ்விரண்டையும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாகக் கொண்டு பைதகரஸ் தேற்றத்தைப் பிரயோகிக்க, மூன்றாம் பக்கம் 644 கிலோமீற்றர் ஆகும். மைலிற் கூறினால் 400 மைல். மாணவர் மனத்திற் பதித்துக்கொள்ளத்தக்க முழு எண் இது.

இம்முறை குறுந்தூரத்துக்கே பொருந்தும். இலண்டன் போன்ற தொலைநகருக்குப் பூமியைத் தட்டையெனக் கொள்ளுதல் தகாது. அதற்குப் பூகோள உருண்டையை எடுத்து, கொழும்பிலிருந்து இலண்டனுக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தல் வேண்டும். சுவரிலே தொங்கும் படத்தில் வரைந்த நேர்கோட்டை விட்டு நூல் வடக்கே வளைந்து செல்வதைக் காணலாம். அந்நூலின் வழியே குறுகிய வழி. அதன் நீளம் ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர்.

2. நேர்கோட்டிலே நிற்கும் பலாலி

இலங்கையின் முதல் விமான நிலையம் இரத்மலானை. 1935 ஆம் ஆண்டு நவம்பர் 27 ஆந் திகதி சென்னை விமானக் கழகத்தின் சிறு விமானமொன்று அங்கே முதன்முதல் வந்திறங்கியது. நாடு சுதந்திரம் பெறுவதற்குச் சில வாரங்களுக்கு முன், 1947 ஆம் ஆண்டு டிசெம்பர் 10 ஆந் திகதி, எயர் சிலோன் நிறுவனத்தின் முதலாவது சேவை அந்நிலையத்திலிருந்தே புறப்பட்டது. சீதாதேவி எனப் பெயரிடப்பெற்ற டக்கோட்டா விமானம் காங்கேசன்துறையிலே தங்கிப் பின் சென்னை சென்றது. காங்கேசன்துறை என அன்று வழங்கிய நிலையமே பலாலி.

இடையில் ஏன் தங்கவேண்டும்? அதனால் வழி சுற்றாகாதா? கணக்கிட்டுப் பார்ப்போம். இரத்மலானை 6.82 பாகை வடக்கு, 79.89 பாகை கிழக்கு. பலாலி 9.79 பாகை வடக்கு, 80.07 பாகை கிழக்கு. மேற்கூறிய முறைப்படி இரத்மலானையிலிருந்து பலாலிக்கு 329 கிலோமீற்றரும், பலாலியிலிருந்து சென்னைக்கு 354 கிலோமீற்றரும் ஆகும். இரண்டையும் கூட்டினால் 683. இரத்மலானையிலிருந்து சென்னைக்கு நேராகக் கணித்தாலும் அதே 683 கிலோமீற்றரே வருகின்றது!

இதன் பொருள் யாது? இரத்மலானையையும் மீனம்பாக்கத்தையும் இணைத்து ஒரு நேர்கோடு வரையின், பலாலி அக்கோட்டிலிருந்து ஐந்து கிலோமீற்றருக்குட்பட்ட தொலைவிலேயே அமைந்துள்ளது. அதுமட்டுமன்று, வழியின் ஏறத்தாழ நடுவிலும் அமைந்துள்ளது. அங்கே தங்கியமையால் விமானத்துக்குத் தரிப்பு நேரமே செலவாயிற்றன்றித் தூரம் கூடவில்லை.

கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்கு வரையும் நேர்கோடும் அத்தகையதே. அது யாழ்ப்பாண நகரத்தின் மேலாகவே, இரண்டு கிலோமீற்றர் அளவான விலகலுடன் செல்கின்றது. விமானங்கள் உண்மையிற் பறப்பது வகுக்கப்பட்ட வான்பாதைகளிலேயாதலின், பறக்குந் தூரம் நேர்கோட்டுத் தூரத்திலும் சற்று மிகும். எனினும், படத்தில் அளவுகோலை வைத்துப் பார்க்கும் மாணவன் இவ்வுண்மையை மறக்கமாட்டான்.

3. வேகமும் கால அட்டவணையும்

இனிக் காலத்தை நோக்குவோம். டக்கோட்டா விமானத்தின் வேகத்தை மணிக்கு 270 கிலோமீற்றர் எனக் கொள்ளலாம். 683 கிலோமீற்றரைக் கடக்க அதற்கு இரண்டரை மணித்தியாலம் வேண்டும். தங்கிய நேரம் வேறு.

இக்காலத்து எயார்பஸ் 320 வகை விமானம் மணிக்கு ஏறத்தாழ 830 கிலோமீற்றர் வேகத்திற் பறப்பது. 644 ஐ 830 ஆல் வகுத்தால் 47 நிமிடம் வரும். ஆனாற் பயணச்சீட்டிலே ஒரு மணி இருபது நிமிடம் அளவிலன்றோ குறித்திருக்கின்றது? எஞ்சிய அரை மணித்தியாலம் எங்கே போயிற்று?

வேகம் என்று நாம் கூறியது உயர வானத்திற் சமநிலையிற் பறக்கும்போதுள்ள வேகம். பத்துக் கிலோமீற்றர் உயரம் ஏறுவதற்கு இருபது நிமிடமும், இறங்குவதற்கு இருபது நிமிடமும் வேண்டும். அந்த நாற்பது நிமிடத்திற் சராசரி வேகம் மணிக்கு 600 கிலோமீற்றர் எனக் கொண்டால், 400 கிலோமீற்றர் கழியும். மீதி 244 கிலோமீற்றரே முழு வேகத்திற் செல்வது. அதற்குப் பதினெட்டு நிமிடம். ஆக வானில் இருக்கும் நேரம் 58 நிமிடம். நிலத்திலே ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதற்கும், இறங்கியபின் தரிப்பிடம் சேர்வதற்கும் பத்துப் பத்து நிமிடம் கூட்டினால் 78 நிமிடம். அட்டவணைக் கணக்கு இப்போது தெளிவாகின்றது. அட்டவணையிற் காண்பது பறக்கும் நேரமன்று. தரிப்பிடத்தை விட்டு நகர்ந்தது முதல் மற்றைத் தரிப்பிடத்தில் நின்றது வரையுள்ள நேரம்.

பலாலி - சென்னைச் சேவையிற் பயன்பட்டுவரும் ஏ.டி.ஆர். 72 விமானம் சுழல்விசிறி உடையது. வேகம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீற்றர். தூரம் 354 கிலோமீற்றரேயாயினும், அட்டவணை நேரம் ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி வரை ஆகின்றது. கொழும்பிலிருந்து செல்வோனும் யாழ்ப்பாணத்திலிருந்து செல்வோனும் ஏறத்தாழ ஒரே நேரம் இருக்கையில் அமர்ந்திருக்கின்றனர். குறுந்தூரத்தில் ஏறுதலும் இறங்குதலும் நிலத்தில் ஊர்தலுமே காலத்தைப் பெரிதும் விழுங்கிவிடுகின்றன என்பது இதனாற் பெறப்படும்.

காற்றின் செயலையும் ஒரு சொல்லிற் கூறுவோம். எதிர்காற்று காலத்தைக் கூட்டும்; பின்காற்று குறைக்கும். நமது பருவக் காற்றுகள் பெரும்பாலும் கிழக்கு மேற்காக வீசுவன. சென்னை வழியோ தெற்கு வடக்கானது. எனவே காற்று விமானத்தின் விலாவையே தாக்கும்; போக்குக்கும் வரவுக்கும் பெரிய வேறுபாடு தோன்றாது. இலண்டன் வழி அத்தகையதன்று. நடு அகலக்கோடுகளில் உயர வானத்தே மேற்குக் காற்று வலிமையுடன் வீசுதலால், இலண்டனுக்குப் போகும்போது பதினொரு மணித்தியாலம் அளவு செல்லும். மீளும்போது சற்றுக் குறையும்.

4. கடிகாரம் செய்த மாயம்

கொழும்புக் கடிகாரமும் சென்னைக் கடிகாரமும் இன்று ஒரே நேரத்தைக் காட்டுகின்றன. இரண்டும் கிறினிச் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்தியவை. ஆனால் எந்நாளும் அவ்வாறிருக்கவில்லை. பகலொளியைப் பயன்படுத்தி மின்சாரத்தைச் சேமிக்கும் பொருட்டு, 1996 ஆம் ஆண்டு மே மாதம் இலங்கையின் கடிகாரம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டது. அவ்வாண்டு ஒக்ரோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுக்கப்பட்டது. 2006 ஆம் ஆண்டு ஏப்ரலிலே பழைய ஐந்தரை மணி நேரம் மீண்டது.

எனவே 1996 ஒக்ரோபர் முதல் 2006 ஏப்ரல் வரை கொழும்பு சென்னையிலும் அரை மணித்தியாலம் முந்தி நின்றது. கொழும்பிற் காலை 7 மணிக்குப் புறப்பட்டு, ஒரு மணி இருபது நிமிடம் பறந்தவர், சென்னைக் கடிகாரத்தில் 7 மணி 50 நிமிடத்திற்கு இறங்கினார். ஐம்பது நிமிடத்தில் வந்துவிட்டோம் என மகிழ்ந்தவர் திரும்பும்போது ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆயிற்றெனக் கண்டு திகைத்திருப்பர். விமானம் வேகம் மாறவில்லை. பார்த்த கடிகாரமே மாறிற்று. இரண்டு இடங்களின் நேரங்களைக் கழிக்குமுன் அவ்விரண்டையும் ஒரே நேரக்கணக்குக்குக் கொண்டுவருதல் வேண்டும் என்பது இதனால் நாம் கொள்ளும் விதி.

5. வாசலிலிருந்து வாசலுக்கு

பயணம் விமான நிலையத்தில் தொடங்குவதுமில்லை, முடிவதுமில்லை. கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில் வீட்டுப் படலையைச் சாத்துவதில் தொடங்கி, சென்னையில் உறவினர் வாசற்படியை மிதிப்பதில் முடிகின்றது. இக்கணக்கையும் போட்டுப் பார்ப்போம். கட்டுநாயக்க செல்ல ஒரு மணித்தியாலம்; 2013 ஆம் ஆண்டு அதிவேகப் பாதை திறக்கப்பட்டபின் இது சற்றுக் குறைந்தாலும், நகர நெரிசல் குறையவில்லை. புறப்படுமுன் மூன்று மணித்தியாலம் காத்திருத்தல். விமானத்தில் ஒரு மணி இருபது நிமிடம். இறங்கியபின் குடிவரவு, பொதி பெறுதல் எல்லாமாக ஒரு மணித்தியாலம். மயிலாப்பூர் சேர நாற்பது நிமிடம். மொத்தம் ஏழு மணித்தியாலம்.

644 ஐ 7 ஆல் வகுத்தால் 92. வானில் 830 கிலோமீற்றர் வேகத்திற் பறந்தவர், வாசலிலிருந்து வாசலுக்கு மணிக்கு 92 கிலோமீற்றர் வேகத்திலேயே சென்றார். அதிவேகப் பாதையில் ஓடும் ஒரு மோட்டார் வண்டியின் வேகமே இது!

இதனைக் கண்டு விமானத்தை இகழ வேண்டா. நம் பாட்டனார் காலத்து வழியோடு ஒப்பிட்டால் அதன் அருமை புலப்படும். 1914 ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், கோட்டைப் புகையிரத நிலையத்தில் இரவு ஏறியவர் விடியற்காலை தலைமன்னார் இறங்குதுறை சேர்ந்து, அங்கிருந்து தனுஷ்கோடிக்கு 22 மைற் கடலைக் கப்பலிற் கடந்து, மீண்டும் புகையிரதமேறி மறுநாட் காலை சென்னை எழும்பூரை அடைந்தார். இரண்டு இரவும் ஒரு பகலும் அப்பயணத்துக்குச் சென்றன. ஒரே சீட்டிற் புகையிரதமும் கப்பலும் அடங்கிய அவ்வழியை மக்கள் ‘போட் மெயில்’ என்றனர். 1964 ஆம் ஆண்டு டிசெம்பர் 22, 23 ஆந் திகதிகளில் வீசிய சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து சில காலம் கப்பல் ஓடிற்று; போர் தொடங்கியபின் அதுவும் நின்றது.

6. மாறாத தூரமும் மாறிய காலமும்

இவ்விடத்து ஓர் உண்மையை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் இடையிலுள்ள தூரம் 1947 இல் எவ்வளவோ அவ்வளவே இன்றும். ஆனால் அதனைக் கடக்கும் காலம் விமானத்தின் வேகத்தோடு மாத்திரம் ஏறி இறங்கவில்லை. நாட்டின் நிலையோடும் ஏறி இறங்கிற்று.

பலாலியிலிருந்து தமிழகத்துக்குச் சென்ற பயணிகள் சேவை நின்று, பல பத்தாண்டுகள் இல்லாதிருந்தது. அக்காலத்தில் யாழ்ப்பாணத்தார் ஒருவர் சென்னைக்குப் போக விரும்பின் யாது செய்தார்? முதலில் 400 கிலோமீற்றர் தெற்கே கொழும்புக்கு வந்தார். அங்கிருந்து 30 கிலோமீற்றர் கட்டுநாயக்கவுக்குச் சென்றார். பின் வடக்கே 644 கிலோமீற்றர் பறந்தார். மொத்தம் 1,074 கிலோமீற்றர். பலாலி வழியாயின் 354 கிலோமீற்றரோடு, நகரிலிருந்து பலாலி வரையுள்ள சிறு தூரமே கூடும். ஏறத்தாழ மூன்று மடங்கு சுற்றினார். மூன்று மடங்கு என்பதிலும் வியப்பானது வேறொன்று: புறப்பட்ட தன் ஊரின் நேர்கோட்டிலே, அதனைத் தாண்டியே, சென்னைக்குப் பறக்க வேண்டியவராயினார்!

கொழும்புக்கு வருவதும் எளிதாயிருக்கவில்லை. 2006 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் முகமாலையில் ஏ9 வீதி மூடப்பட்டது. போர் முடிந்த 2009 ஆம் ஆண்டின் பின்னரே மக்களுக்கு மீளத் திறந்தது. அவ்விடைக்காலத்திற் குடாநாட்டார் கப்பலையும் விமானத்தையும் நாள்கணக்காகக் காத்திருந்தனர். வான்வழியும் ஆபத்தற்றதாயிருக்கவில்லை. 1998 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 29 ஆந் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு மன்னாருக்கு அப்பாற் கடலில் வீழ்ந்தது. அதிற் சென்ற 55 பேரும் மாண்டனர். ஒரு மணித்தியால வழி அவர்களுக்கு முடிவேயில்லாத வழியாயிற்று.

பலாலியைச் சூழ்ந்த ஊர்களின் கதை இதனினும் நுணுகி நோக்கத்தக்கது. 1990 ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோர் பலர், தம் வீட்டிலிருந்து சில மைல் தொலைவிலேயே முகாம்களில் வாழ்ந்தனர். நடந்து சென்றால் இரண்டு மூன்று மணித்தியாலம். அத்தூரத்தைக் கடக்க அவர்களுக்கு இருபது ஆண்டும் முப்பது ஆண்டும் சென்றன. நிலங்கள் படிப்படியாக விடுவிக்கப்பட்டுள்ளனவாயினும், எல்லாரும் தம் மண்ணை மிதித்துவிட்டனர் என்று இன்னுஞ் சொல்வதற்கில்லை. தூரத்தை வேகத்தால் வகுத்துக் காலங்காணும் நம் கணக்கு, இங்கே வந்ததும் வாய் மூடிவிடுகின்றது. வழி திறந்திருத்தல் என்னும் நிபந்தனையை அக்கணக்கு சொல்லாமலே கொண்டுள்ளது என்பதை நாம் இப்போது அறிகின்றோம்.

2019 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 17 ஆந் திகதி பலாலி, யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையமாகத் திறந்துவைக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் அலையன்ஸ் எயார் சென்னைச் சேவையைத் தொடக்கிற்று. கொள்ளை நோயால் 2020 இல் நின்ற சேவை 2022 டிசெம்பரில் மீண்டது. 2024 ஆம் ஆண்டு செப்ரெம்பரில் இண்டிகோ நிறுவனமும் அவ்வழியிற் பறக்கத் தொடங்கிற்று. சீதாதேவி சென்ற கோடு மீண்டும் வானில் எழுதப்பட்டுள்ளது.

7. இது, உது, அது

இலக்கணத்திலே தொடங்கினோம், அதனோடு ஒரு சொற் கூறுதல் பொருந்தும். தமிழிற் சுட்டெழுத்து மூன்று: அ, இ, உ. அண்மையிலுள்ளதை ‘இது’ என்கின்றோம். சேய்மையிலுள்ளதை ‘அது’ என்கின்றோம். அண்மைக்கும் சேய்மைக்கும் இடைப்பட்டதைச் சுட்டுவது ‘உது’. தமிழகப் பேச்சிலே உகரச் சுட்டு வழக்கொழிந்துவிட்டது. யாழ்ப்பாணத்துப் பேச்சில் அது இன்றும் உயிரோடு உலவுகின்றது. கொட்டாஞ்சேனையிலே பிறந்து வளர்ந்த மாணவருட் பலர், பாட்டி வாயிலிருந்து ‘உதை எடு’ என்று கேட்டிருப்பர்.

கொழும்பிலிருந்து பார்ப்போர்க்குச் சென்னை ‘அது’. தாம் நிற்கும் இடம் ‘இது’. நேர்கோட்டின் நடுவே நிற்கும் பலாலி ‘உது’. நடுவிலுள்ளதை மறந்தவர்க்கு அண்மையும் சேய்மையும் என்ற இரண்டே எஞ்சும். நம் மொழி நடுவையும் பெயர் சொல்லிக் காட்டும் மொழி. படத்தைப் பார்க்கும்போதும் அந்நடுவைப் பார்க்கப் பழகுதல் நன்று.

பயிற்சி

மாணவர் பின்வரும் வினாக்களுக்கு விடை காண்க. பழைய மாணவரும் முயன்று பார்க்கலாம்.

1. திருச்சிராப்பள்ளி விமான நிலையம் 10.77 பாகை வடக்கு, 78.71 பாகை கிழக்கு. பலாலியிலிருந்தும் கட்டுநாயக்கவிலிருந்தும் அதன் தூரங்களைக் காண்க. (விடை: ஏறத்தாழ 184 கிலோமீற்றர், 417 கிலோமீற்றர்.)

2. 2000 ஆம் ஆண்டிலே சென்னை நேரம் காலை 10 மணி 15 நிமிடத்துக்குப் புறப்பட்ட விமானம், ஒரு மணி இருபது நிமிடத்திற் கொழும்பை அடைந்தது. அப்போது கொழும்புக் கடிகாரம் காட்டிய நேரம் யாது? (விடை: பிற்பகல் 12 மணி 5 நிமிடம்.)

3. உங்கள் வீட்டில் உள்ள முதியவர் ஒருவரை அணுகி, அவர் முதன்முதல் யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ சென்ற வழியையும், சென்ற ஆண்டையும், வாசலிலிருந்து வாசலுக்கு எடுத்த காலத்தையும் கேட்டு எழுதுக. தூரத்தைப் படத்தில் அளந்து, காலத்தால் வகுத்து, அப்பயணத்தின் வேகத்தைக் காண்க. வேகம் மிகக் குறைவாக வருமாயின், வழியில் அவரை நிறுத்தியது யாது என்பதையும் கேட்டு எழுதுக. இவ்வினாவுக்கு விடை புத்தகத்தில் இல்லை. அவ்விடையை அறிந்தோர் நம்மிடையே இருக்கும்போதே அதனைக் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும்.